பளபளப்பைப் பார்த்து ஏமாந்தேன்: பழைய ஒமேகா வாங்கிய அனுபவம்

மூன்று வருடம் முன்பு ஒரு ஒமேகா சீமாஸ்டர் வாங்கினேன். 1960களின் வாட்ச், டயல் தும்பைப்பூ மாதிரி வெள்ளை. இத்தனை வருடம் கழித்து இவ்வளவு சுத்தமா என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நானோ சந்தோஷப்பட்டேன். 55,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஸ்ட்ராப் மாற்றலாம் என்று எங்கள் தெரு வாட்ச் ரிப்பேர்கார அண்ணனிடம் போனேன். ஐகிளாஸைக் கண்ணில் செருகி அரை நிமிடம் பார்த்தார். “தம்பி, இது பெயிண்ட் அடிச்ச டயல்” என்றார்.

என்னிடமும் லென்ஸைக் கொடுத்தார். நிமிடக் கோடுகளில் சில தடிமன், சில மெலிசு. ஆறு மணிக்குக் கீழே இருக்க வேண்டிய ‘ஸ்விஸ் மேட்’ எழுத்து இல்லவே இல்லை. முள்ளுக்குள் இருந்த ரேடியம் (இருட்டில் ஒளிர்வதையெல்லாம் நாம் ரேடியம் என்றுதானே சொல்வோம்) பழுப்பேறிக் கிடந்தது. டயலில் இருந்த புள்ளிகளோ நேற்று வைத்த மாதிரி வெளுப்பு. கூடவே பிறந்தவை கூடவேதானே கிழடு தட்ட வேண்டும்?

அப்புறம் மூடியைத் திறந்தார். உள்பக்கம் பொறித்திருந்த எண் 165 என்று தொடங்கியது. 1960களின் ஒமேகாவில் 165 என்றால் தேதி இல்லாத ஆட்டோமேட்டிக் (கையசைவிலேயே சாவி ஏறுவது), 166 என்றால் தேதி உள்ளது. என் வாட்ச்சில் மூன்று மணிப் பக்கம் தேதி ஜன்னல் ஜம்மென்று இருக்கிறது! உள்ளே இருந்த மெஷின் 565, அது தேதி காட்டும் மெஷின்தான். ஆக, மூடி ஒரு வாட்ச்சிலிருந்து, மெஷின் இன்னொன்றிலிருந்து, டயல் யாரோ ஒருவருடைய பிரஷ்ஷிலிருந்து. மூடியின் வெளியே பொறித்திருக்கும் சீமாஸ்டர் சின்னம், பாதி குதிரை பாதி மீனான கடல்குதிரை, அதன் கால் எங்கே, வால் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு பாலிஷ் போட்டிருக்கிறார்கள்.

விற்றவரைத் திட்டிப் பயனில்லை. பம்பாயில் டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து விற்பது பலருக்கும் தெரிந்த தொழில். தெரியாமல் போனது என் தப்பு.

போன ஜனவரியில் இன்னொரு சீமாஸ்டர் பார்க்கப் போனேன். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்த பெரியவர் ஒருவருடையது. கண்ணாடி முழுக்கக் கீறல், டயல் ஓரத்தில் லேசான மஞ்சள். பேரம் பேசும் முன் லென்ஸை எடுத்தேன். ஒமேகாவின் பழைய பிளாஸ்டிக் கண்ணாடியின் நட்ட நடுவில் கடுகைவிடச் சின்னதாக ஒரு ஒமேகா சின்னம் இருக்கும். நேராகப் பார்த்தால் தூசி மாதிரி தெரியும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் குதிரை லாடம் மாதிரியான அந்தச் சின்னம் எழுந்து வரும். வந்தது. கண்ணாடி மாற்றியிருந்தாலும் குற்றமில்லை, மலிவாகக் கிடைக்கிற சாமான் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் கம்பெனிக் கண்ணாடியே அத்தனை கீறலோடும் இருக்கிறதென்றால், இந்த வாட்ச்சை யாரும் ஜோடித்து விற்கப் பார்க்கவில்லை என்று எனக்குப் பட்டது.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

*

நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன், சிங்கப்பூரில் எனக்கு நடந்தது. ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட், மாடல் எண் 1601, 1970 வாக்கில் தயாரான வாட்ச். கடைக்காரர் ரொம்பப் பெருமையாக, கைகளைக் குவித்து இருட்டாக்கிக் காட்டினார்: “பாருங்க சார், இன்னும் எப்படி எரியுது!” புள்ளிகள் பச்சையாக ஜொலித்தன. அது ஜொலித்ததுதான் பிரச்சினையே.

டயலின் அடியில் ‘டி ஸ்விஸ் டி’ என்று இருந்தது. அந்த ‘டி’ என்றால் டிரிட்டியம், தன் கதிர்வீச்சால் டயல் புள்ளிகளை ஒளிர வைக்கும் பொருள். 12 வருடத்துக்குச் சற்று மேலானால் அதன் வீரியம் பாதியாகிவிடும். ஐம்பது வருடத்தில் நான்கு தடவை பாதியானால் மிஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு. அதோடு அதனால் ஒளிர வேண்டிய பொடியும் செத்துப் போயிருக்கும். அப்படிப்பட்ட டயல் பச்சையாக எரிகிறதென்றால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். கடைக்காரர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கே தெரியவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். 1601இல் ஸ்ட்ராப் மாட்டும் காதுகளில் குறுக்கே துளை போட்டிருப்பார்கள். பாலிஷ் போட்டுப் போட்டு உலோகம் தேய்ந்தால் அந்தத் துளை காதின் விளிம்பை நோக்கி நகர்ந்தது போல் தெரியும், துளையின் வாயும் கூர்மை போய் மழுங்கிவிடும். ஒரு காதுக்கும் இன்னொரு காதுக்கும் தடிமன் வித்தியாசம் இருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். டயலை மாற்றலாம், முள்ளை மாற்றலாம், தேய்ந்த ஸ்டீலைப் பழையபடி கொண்டுவருவது கஷ்டம். கீறல் விழுந்த கேஸுக்கு நான் கூடுதல் விலை கொடுப்பேன், வழவழப்பானதற்குக் கொடுக்க மாட்டேன்.

பிரேஸ்லெட்டைக் கழற்றச் சொல்லத் தயங்காதீர்கள். ஆறு மணிப் பக்கக் காதுகளுக்கு நடுவே சீரியல் எண், பன்னிரண்டு மணிப் பக்கம் மாடல் எண். கழற்றாமல் பார்க்க முடியாது.

*

என் பங்குக்கு நானும் சொல்கிறேன். எங்கள் அப்பா திருநெல்வேலியில் நாற்பது வருடம் வாட்ச் ரிப்பேர் பார்த்தார். மூடியைத் திறந்ததும் அவர் கண் மெஷினுக்குப் போகாது, திருகாணித் தலைகளுக்குப் போகும். காடி கிழிந்து கிடந்தால், “எவனோ பொருந்தாத ஸ்க்ரூடிரைவர் போட்டிருக்கான். திருகையே இப்படிப் பார்த்தவன் உள்ளே என்னவெல்லாம் பண்ணினானோ” என்பார். அடுத்தது, சாவித் தண்டு உள்ளே போகும் இடத்தில் துரு. நம்ம கடற்கரை ஊர்களில் வியர்வையும் ஈரமும் அந்த வழியாகத்தான் இறங்கும். மூன்றாவது, ஆட்டோமேட்டிக் என்றால் ரோட்டர் (கையசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடை) மூடியின் உள்பக்கம் உரசி வட்டக் கோடு போட்டிருக்கிறதா என்று. போட்டிருந்தால் அதன் அச்சு தேய்ந்துவிட்டது.

மூடிக்குள் ஊசியால் கீறிய பொடி எழுத்துகள் இருந்தால் பயப்படாதீர்கள். சர்வீஸ் செய்தவர்கள் போட்டுவைத்த அடையாளம். அப்பாவும் தேதி கீறுவார்.

சாவி முழுக்கக் கொடுத்துவிட்டு டைம்கிராஃபர் (வாட்ச்சின் ஓட்டத்தை அளக்கும் கருவி) மேல் வையுங்கள். டயல் மேலே பார்க்க, உள்ளே இப்படியும் அப்படியும் ஆடும் பேலன்ஸ் சக்கரம் 270 டிகிரிக்கு மேல் வீசினால் நல்லது. 200க்குக் கீழே என்றால் சர்வீஸ் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். அப்புறம் சாவி கீழே பார்க்க வாட்ச்சைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். படுக்க வைத்தால் ஒழுங்காக ஓடிவிட்டு, நிறுத்தினால் தடுமாறும் வாட்ச்கள் நிறைய. கடைக்காரர்கள் படுக்க வைத்துத்தான் காட்டுவார்கள்.

*

எழுதிய இருவருக்கும் நன்றி. பெரியவரின் வாட்ச்சை வாங்கிவிட்டேனா என்று தனியாகச் சிலர் கேட்டிருந்தார்கள். வாங்கிவிட்டேன், 48,000. மூடிக்குள் 166, மெஷின் 565, இரண்டும் பொருந்தின. செங்குத்தாக நிறுத்தி வைத்துப் பார்க்கவில்லை, அந்த யோசனையே வரவில்லை. எண்ணெய் காய்ந்து போயிருந்ததால் சர்வீஸுக்கு மேற்கொண்டு 6,000 ஆனது. டயலைத் துடைக்கவே கூடாது என்று ரிப்பேர்கார அண்ணனிடம் மூன்று தடவை சொன்னேன், சிரித்தார். இப்போது நாளுக்குப் பன்னிரண்டு நொடி வேகமாக ஓடுகிறது.

அந்த முதல் வாட்ச் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. யாராவது கேட்டால், டயல் பெயிண்ட் அடித்தது, மூடி வேறு வாட்ச்சுடையது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.