ஒண்ணாம் கிளாஸ் பையன், எழுத்து வரல... தப்பு என்னோடதுதான்

நித்தி_அம்மா (தாம்பரம்):
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா போகும், திட்டாம படிங்க. பையனுக்கு ஆறு வயசு. எல்கேஜி முடியறதுக்குள்ள 2020 மார்ச்ல கொரோனான்னு ஸ்கூல மூடுனாங்க, யூகேஜி முழுசா போன்லயே போச்சு, ஒண்ணாவதும் போன்லதான் ஆரம்பிச்சுது. இந்த 2021 நவம்பர் 1ம் தேதிதான் நேர்ல போனான், போன நாலாம் நாள் தீபாவளி, அப்புறம் மழை லீவு மேல மழை லீவு, எண்ணிப் பாத்தா எட்டு நாள் முழுசா உக்காந்திருக்க மாட்டான். அதுக்குள்ள மிஸ் கூப்பிட்டு அனுப்பிட்டாங்க.

விஷயம் என்னன்னா, ஆன்லைன் கிளாஸ் காலைல 9லருந்து 12 வரைக்கும். பாதில கட்டிலுக்கு அடில போய் படுத்துக்குவான். மிஸ் பேர் சொல்லி கூப்பிட்டா இழுத்துட்டு வந்து நான் காதுல சொல்லுவேன், இவன் அப்படியே திருப்பி சொல்லுவான், வெரி குட்னு வரும். ஹோம்வொர்க்க போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடணும், மத்த அம்மாங்க எல்லாம் சாயங்காலமே போட்டுடுவாங்க, எனக்கு பக்குபக்குங்கும். ஒரு நாள் அவன் தூங்கிட்டான், நானே எழுதிட்டேன். பெரியவங்க கையெழுத்துன்னு தெரியக் கூடாதேன்னு இடது கையால எழுதினேன். ஸ்டார் போட்டாங்க. அதுவே பழகிப் போச்சு.

இப்போ கிளாஸ்ல அந்த நோட்ட காட்டி இதே மாதிரி எழுதுடான்னு மிஸ் சொன்னதுக்கு, "எனக்கு எங்கம்மா மாதிரி இடது கைல வராது மிஸ்"னு சொல்லியிருக்கான். மானமே போச்சு.

அ ஆ இ ஈ பாட்டு மாதிரி கடகடன்னு சொல்றான். நடுவுல 'ஊ'வ மட்டும் காட்டி கேட்டா அ-லருந்து முணுமுணுத்துட்டே வந்துதான் சொல்றான். டியூஷன் போடவா? வீட்டுக்காரர் அடுத்த வருஷமும் ஒண்ணாவதுலயே போட்டுடலாமாங்கறாரு.

மழைச்சாரல்:
சிஸ் சிரிச்சிட்டேன், மன்னிச்சுக்கோங்க 😂 இடது கை ஐடியா எனக்கு தோணல, நான் வலது கைலயே கோணலா எழுதி மாட்டிக்கிட்டேன். எங்க வீட்டு வாண்டு செருப்பு மாட்ட தெரியறதுக்கு முன்னாடி அன்மியூட் பண்ண கத்துக்கிச்சு. ஃபாலோ பண்றேன், எனக்கும் பதில் வேணும்.

சும்மா_ஒருத்தன்:
ஆறு வயசுக்கு இவ்ளோ டென்ஷனா? நாங்க எல்லாம் ஆறு வயசுல டவுசர் கூட ஒழுங்கா போட்டதில்ல, இப்போ நல்லாதான் இருக்கோம். விடுங்க, தானா வரும்.

பனியன்காரன் (திருப்பூர்):
தானா வராதுங்க பிரதர். என் பொண்ணு கவர்மெண்ட் ஸ்கூல், ரெண்டாவது. வீட்ல ஒரே போன், அத நான் காலைல எட்டு மணிக்கு கம்பெனிக்கு எடுத்துட்டு போயிருவேன். டீச்சர் குரூப்ல போட்ட வீடியோவ ராத்திரி ஒம்பது மணிக்கு பாக்கும், பாதில தூங்கிரும். கவர்மெண்ட்டோட கல்வி டிவி சேனல்ல பாடம் வந்துச்சு, நல்லாத்தான் நடத்துனாங்க, ஆனா அது ஓடற நேரத்துக்கு வீட்ல ஒரு பெரியவங்க இருந்து போட்டு விட்டு உக்கார வைக்கணும்ல, நாங்க ரெண்டு பேரும் வேலைக்கு போறவங்க. அக்கா நீங்களாவது பக்கத்துல நின்னீங்க. இடது கையோ வலது கையோ.

டீச்சரம்மா (விழுப்புரம் பக்கம்):
நித்தி அம்மா, நான் ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளில ஒண்ணு ரெண்டு எடுக்கறேன். முதல்ல அழுகைய நிறுத்துங்க, உங்க மேல மட்டும் தப்பில்ல. 2020 ஜூலைல மத்திய அரசு போட்ட வழிகாட்டுதல்லயே ஒண்ணுலருந்து எட்டு வரைக்கும் ஒரு நாளைக்கு ரெண்டே கிளாஸ், ஒவ்வொண்ணும் 30லருந்து 45 நிமிஷம்தான்னு இருக்கு. யூகேஜிக்கு மொத்தமே அரை மணி நேரம். மூணு மணி நேரம் உக்கார வச்சா கட்டிலுக்கு அடிலதான் போவான், நான்னாலும் போவேன்.

போட்டோல என்ன வரும்? எழுதி முடிச்ச எழுத்து வரும். கை எப்படி போச்சுன்னு வராது. என்கிட்ட ஒரு பையன் 'ட'வ கீழ் கோட்டுலருந்து ஆரம்பிச்சு மேல இழுத்து எழுதிட்டிருந்தான், போட்டோல அழகா 'ட'. சத்துணவுக்கு பதிலா குடுத்த அரிசி பருப்பு வாங்க அவங்கம்மா கூட வந்தப்போ என் முன்னாடி எழுதச் சொன்னேன், அப்பதான் பிடிபட்டுச்சு. அதுக்கப்புறம் வாரத்துல ரெண்டு நாள் ஸ்கூட்டிய எடுத்துட்டு ஊருக்குள்ள போய் மாரியம்மன் கோயில் திண்ணைல ஆறு ஆறு பேரா உக்கார வச்சேன்.

அ ஆ வரிசைய இப்போதைக்கு விட்டுருங்க. அது அவனுக்கு பாட்டு, எழுத்து இல்ல. ட, ப, ம மூணே மூணு எடுங்க. 'ட' ரெண்டு கோடு, 'ப' மூணு கோடு, 'ம'ல மட்டும் ஒரு சுழி. தட்டுல ரவைய பரப்பி விரலால எழுத விடுங்க, அழிஞ்சா தட்ட ஒரு தட்டு தட்டிட்டு மறுபடி. இந்த மூணோட ஒரு புள்ளி சேத்தா படம், பட்டம், மடம், மட்டம் எல்லாம் வந்துரும், முழு வார்த்தை படிச்சோம்ங்கற தெம்பு வரும். பென்சில் அழுத்தமா பிடிக்கலன்னா பட்டாணி உரிக்க விடுங்க, சப்பாத்தி மாவு பிசைய விடுங்க. ஒரு நாளைக்கு 15 நிமிஷம் போதும், நீங்க எழுதாதீங்க, பக்கத்துல உக்காந்து கைய மட்டும் பாருங்க.

டியூஷன் வேணாம். மறுபடி ஒண்ணாவதும் வேணாம், அந்த கிளாஸ் பூராவுமே இப்படித்தான் இருக்கு.

திருப்பூர் தம்பி, இந்த 2021 அக்டோபர் 27ம் தேதி எங்க மாவட்டத்துல முதலியார்குப்பத்துல இல்லம் தேடிக் கல்வின்னு அரசாங்கத் திட்டம் ஆரம்பிச்சாங்க. சாயங்காலம் 5லருந்து 7க்குள்ள அந்தந்த தெருவுலயே ஒரு வாலண்டியர் சொல்லிக் குடுப்பாங்க, அவங்களுக்கு மாசம் 1000 ரூபாய். உங்க ஸ்கூல் ஹெச்எம்கிட்ட கேட்டு வைங்க.

சும்மா_ஒருத்தன்:
டீச்சர், தானா வரும்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன் 🙏

நித்தி_அம்மா:
டீச்சர் ரொம்ப நன்றி. நேத்து மழைல எங்கயும் போகல, ரவை தட்டு போட்டேன். அவனும் 'ட'வ கீழருந்துதான் இழுக்கறான்! ஒண்ணரை வருஷமா நான் பாக்கவே இல்ல. மிஸ்கிட்டயும் போய் உண்மைய சொல்லிட்டேன், "இன்னும் நாலு அம்மா சொல்லியிருக்காங்க"ன்னாங்க. பட்டம் எழுதச் சொன்னதுக்கு படம்னு எழுதிட்டு, புள்ளி வச்ச ட் போட ரவைல இடம் இல்லம்மான்னு எழுந்து போயிட்டான். இன்னிக்கு பெரிய தாம்பாளத்த எடுத்து வச்சிருக்கேன்.