மாதாந்த எஸ்.பி.ஐ., சி.பி.ஐ.: எத்தனை மாதம் இறங்கினால் அதைப் போக்கு என்று சொல்லலாம்?

தளக்குறிப்பு

வணக்கம். மூதூர்ப் பக்கம் இரண்டு மாடிப் பாடசாலைக் கட்டடம், கழிப்பறைத் தொகுதியும் சேர்த்து. 12 மாதம், பெப்ரவரியில் தொடக்கம், பாதீடு 600 இலட்சம் ரூபா. மாத எண்கள் இலட்சத்தில். வரிசை: திட்டமிட்ட பெறுமதி, ஈட்டிய பெறுமதி (செய்து முடித்த வேலையின் பாதீட்டுப் பெறுமதி), உண்மைச் செலவு.

பெப்ரவரி: 20, 18, 19
மார்ச்: 40, 38, 39
ஏப்ரல்: 35, 24, 28
மே: 60, 58, 60
ஜூன்: 70, 63, 67
ஜூலை: 75, 63, 70
ஓகஸ்ட்: 75, 60, 69

மிச்சத் திட்டம்: செப்டெம்பர் 75, ஒக்டோபர் 60, நவம்பர் 40, டிசம்பர் 30, ஜனவரி 20.

அறிக்கையில் தொடக்கத்திலிருந்து கூட்டிய எண்களைத்தான் போடுகிறோம். ஓகஸ்ட் முடிவில் எஸ்.பி.ஐ. (ஈட்டியதைத் திட்டமிட்டதால் வகுப்பது, காலத்துக்கு) 0.86, சி.பி.ஐ. (ஈட்டியதைச் செலவால் வகுப்பது, காசுக்கு) 0.92. 0.95க்கு மேல் பச்சை, 0.85க்குக் கீழ் சிவப்பு, நடுவில் மஞ்சள். ஏப்ரலில் எஸ்.பி.ஐ. ஒருதரம் சிவப்பு, மார்ச்சில் சி.பி.ஐ. ஒருதரம் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். கொழும்பு அலுவலகம் இப்போது "போக்கைக் காட்டுங்கள்" என்கிறது. மஞ்சளுக்குப் பின் மஞ்சள் என்று காட்டுவதில் என்ன இருக்கிறது? எத்தனை மாதம் தொடர்ந்து இறங்கினால் எச்சரிக்கை எழுதலாம்?

கொட்டியாரம் கியூ.எஸ்.

திரண்ட எண்ணை, அதாவது தொடக்கத்திலிருந்து கூட்டியதை, ஒரு பக்கம் வைத்துவிட்டு, மாதத்துக்கு மாதம் தனியாகப் பிரித்துப் பாருங்கோ.

மாத எஸ்.பி.ஐ.: 0.90, 0.95, 0.69, 0.97, 0.90, 0.84, 0.80
மாத சி.பி.ஐ.: 0.95, 0.97, 0.86, 0.97, 0.94, 0.90, 0.87

மே தொடக்கம் ஓகஸ்ட் வரை திரண்ட சி.பி.ஐ. 0.945இலிருந்து 0.920க்குத்தான் வந்திருக்கிறது. அதே நான்கு மாதத்தில் மாத சி.பி.ஐ. 0.97இலிருந்து 0.87க்கு விழுந்துவிட்டது. பழைய மாதங்களின் பாரம் திரண்ட எண்ணை அசைய விடாது. வேலை கூடக்கூட அது இன்னும் மந்தமாகும். நிறம் மாறும்வரை காத்திருந்தால், மாறும்போது செய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது.

ஏப்ரல் 0.69 போக்கு அல்ல. புத்தாண்டு விடுமுறையைக் கழிக்காமல் 35 இலட்சம் போட்ட திட்டத்தின் பிழை. காரணம் தெரிந்த ஒற்றைப் பள்ளம். வரைபில் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சொல் எழுதி வையுங்கோ, அழிக்க வேண்டாம்.

கொழும்புக்கு இன்னொரு எண்ணும் அனுப்புங்கோ. மிச்ச வேலை 600 − 324 = 276. மிச்சக் காசு 600 − 352 = 248. 276ஐ 248ஆல் வகுத்தால் 1.11. அதாவது பாதீட்டுக்குள் முடிக்க, இனிச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் 1.11 ரூபா வேலை வர வேண்டும். இதுவரை வந்த மிகச் சிறந்த மாதமே 0.97. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

வரைபுக்காரன்

கியூ.எஸ். அண்ணை சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஆனால் நான்கு புள்ளியை வைத்துப் "போக்கு" என்று அடித்துச் சொல்லக் கூடாது. ஓட்ட வரைபில் (காலவரிசையில் புள்ளி போடும் வரைபு) பொதுவாகக் கொள்ளும் விதி, தொடர்ச்சியாக ஆறு புள்ளி ஒரே திசையில் போக வேண்டும், அல்லது எட்டுப் புள்ளி நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது. 12 மாத வேலையில் ஆறு மாதம் காத்திருந்தால் பாதித் திட்டம் போய்விடும். ஆகவே மாதப் புள்ளியை நம்பி இருக்காமல், வார அளவில் எதையாவது எண்ணுங்கள். ஒன்றரை மாதத்தில் ஆறு புள்ளி கிடைத்துவிடும்.

பாடசாலைக் கட்டடத்துக்கு மூன்று போதும். திங்கட்கிழமை ஒப்புக்கொண்ட வேலைகளில் சனிக்கிழமை முழுதாக முடிந்தவை எத்தனை வீதம் (பாதி முடிந்தது பூச்சியம்தான்). தளத்தில் நின்ற மேசன்மாரின் நாளாந்தச் சராசரி. ஊற்றிய கொங்கிரீட் கனமீட்டருக்கு வழங்கிய சீமெந்துப் பை. 1:2:4 (சீமெந்து, மணல், கல்) கலவைக்கு 50 கிலோ பை ஏறத்தாழ 6.4 போக வேண்டும். அது வாரத்துக்கு வாரம் 6.6, 6.9, 7.3 என்று ஏறினால் கலவைப் பெட்டியின் அளவு பிழை, அல்லது சீமெந்து வேறெங்கோ போகிறது, அல்லது செய்த வேலை அளவைப் புத்தகத்தில் ஏறவில்லை. மூன்றில் எது என்று அன்றைக்கே போய்ப் பார்க்கலாம்; சி.பி.ஐ.யில் அது தெரிய இரண்டு மாதம் எடுக்கும்.

எல்லைக் கோடு போட விரும்பினால்: அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையிலான வித்தியாசங்களின் சராசரியை எடுத்து 2.66ஆல் பெருக்கி, மொத்தச் சராசரிக்கு மேலும் கீழும் கோடு போடுங்கள். கோட்டுக்குள் ஆடுவதை ஆட விடுங்கள். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் காரணம் கேட்டால் தளப் பொறியியலாளர் கதை எழுதப் பழகிவிடுவார்.

எக்செல் விடயம் ஒன்று. நிலைக்குத்து அச்சை 0.6 முதல் 1.1 வரை கையால் பூட்டி வையுங்கள். தானாக மாற விட்டால் ஒரு மாதம் மலை போலவும் அடுத்த மாதம் மணல்மேடு போலவும் தெரியும்.

கொட்டியாரம் கியூ.எஸ்.

ஆறு புள்ளி விதி சரி. அது "போக்கு நிரூபணம்" என்று எழுத. "போய்ப் பார்" என்று எழுத மூன்று போதும் என்பது என் கருத்து.

அதைவிட முதல் வேலை, எண்ணே சரியா என்று பார்ப்பது. சி.பி.ஐ. இறங்கும்போது பாதித் தரம் குற்றம் கணக்குப் பதிவில் இருக்கும். தம்பி, இதைப் பாருங்கோ: கூரைத் தகடோ கம்பியோ மொத்தமாக வாங்கி, இன்னும் பொருத்தாமல் தளத்தில் கிடக்கிறதா? அது செலவில் ஏறியிருக்கும், ஈட்டிய பெறுமதியில் ஏறாது. மணல், பாரவூர்தி பில்கள் பிந்தி வந்து அடுத்த மாதத்தில் விழுந்திருக்கிறதா? ஈட்டிய பெறுமதியைக் கொடுப்பனவுச் சான்றிதழின் தேறிய தொகையிலிருந்து எடுக்கிறீர்களா? அதில் பிடித்துவைப்புப் பணம் (பிறகு கொடுக்க நிறுத்திவைக்கும் பங்கு) கழிந்திருக்கும். மொத்தத் தொகையைத்தான் எடுக்க வேண்டும். அளவெடுக்கும் திகதி ஒரு மாதம் 25, இன்னொரு மாதம் 31 என்று ஓடுகிறதா?

தளக்குறிப்பு

பார்த்தேன். ஜூலையில் 4 இலட்சத்துக்கு வாங்கிய கூரைத் தகடு இன்னும் பொருத்தவில்லை. ஜூலை மாதப் போக்குவரத்து பில் 3 இலட்சம் ஓகஸ்டில் ஏறியிருக்கிறது. மற்ற இரண்டும் சரி: மொத்தத் தொகை, ஒவ்வொரு மாதமும் 25ஆம் திகதி.

கொட்டியாரம் கியூ.எஸ்.

அப்படியென்றால் ஜூலைச் செலவு 70 − 4 + 3 = 69, ஓகஸ்ட் 69 − 3 = 66. மே முதல் மாத சி.பி.ஐ. இப்போது 0.97, 0.94, 0.91, 0.91. இறங்கியது உண்மை, ஆனால் நின்றுவிட்டது. திரண்டது 0.93. தேவைப்படுவது 1.11 அல்ல, 276ஐ 252ஆல் வகுத்து 1.10. இன்னும் எட்டாத உயரம்தான். இந்த வேகத்தில் முடிவுச் செலவு 645 இலட்சம் அளவில் நிற்கும்.

எஸ்.பி.ஐ.க்கு இந்தத் திருத்தம் ஒன்றும் செய்யாது, அதில் செலவு இல்லை. 0.97, 0.90, 0.84, 0.80 அப்படியே இருக்கிறது. உங்கள் நோய் காசில் இல்லை, காலத்தில்.

கச்சான் காற்று

காலத்தைப் பற்றிப் பேச வந்ததால் சொல்கிறேன். எஸ்.பி.ஐ.யை இதற்கு மேல் நம்பாதீர்கள். எவ்வளவு பிந்தி முடித்தாலும் கடைசியில் ஈட்டிய பெறுமதி 600 ஆகும், திட்டமிட்டதும் 600; எஸ்.பி.ஐ. 1.00 என்று வந்து நிற்கும். திட்டத்தின் கடைசி மூன்றிலொரு பங்கில் அது தானாக "முன்னேறும்". இந்தக் குறைக்காகத்தான் வோல்ட் லிப்கே 2003இல் ஈட்டிய கால முறையைக் கொண்டுவந்தார்.

கணக்கு சுலபம். இதுவரை செய்தது 324. திட்டப்படி ஜூலை முடிவில் 300, ஓகஸ்ட் முடிவில் 375. ஆகவே நீங்கள் நிற்கும் இடம் 6 + 24/75 = 6.32 மாதம். கழிந்தது 7. பின்னடைவு 0.68 மாதம், கிட்டத்தட்ட 20 நாள். விகிதம் 6.32/7 = 0.90, 12ஐ அதால் வகுத்தால் 13.3 மாதம், மார்ச் பத்தாம் திகதி வாக்கில் முடியும் என்று சூத்திரம் சொல்லும்.

சூத்திரத்துக்கு மாரி தெரியாது. திருகோணமலையில் ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை மாரி மழை. நவம்பர், டிசம்பர் உச்சம். ஓகஸ்டில் தவறிய ஒரு நாளை நவம்பரில் ஒரு நாளால் ஈடுகட்ட முடியாது. கையால் போட்டுப் பாருங்கள்: செப்டெம்பரில் ஓகஸ்ட் போலவே 60, பிறகு ஜனவரி வரை திட்டத்தின் 85 வீதம், அதாவது 127 அல்லது 128. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 188. மிச்சம் 88. மாதம் 60 படி அதற்கு ஒன்றரை மாதம். மார்ச் நடுப்பகுதி. சூத்திரம் சொன்னதை விடச் சில நாள் கூட.

ஆள் எண்ணிக்கையையும் பாருங்கள். சிறுபோக அறுவடை நேரத்தில் கூலியாட்கள் வயலுக்குப் போவார்கள். அதுதான் காரணம் என்றால் மேசன் சராசரியில் இறக்கம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் காரணம் வேறு: வரைபட அனுமதி, பொருள், அல்லது ஒப்பந்தகாரர் ஆட்களை இன்னொரு தளத்துக்குப் பிரித்தது.

செப்டெம்பரில் 75 இலட்சத்தைத் துரத்த வேண்டாம். எந்த வேலை என்பதைத் துரத்துங்கள். கழிப்பறைக் குழி, வெளி வடிகால், இரண்டும் நிலத்தடி நீர் ஏறுமுன். கூரை ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் மூட வேண்டும். மூடிவிட்டால் மழைக்குள் பூச்சு, தரை ஓடு, மின்கம்பி எல்லாம் உள்ளே ஓடும். கூரை மூடாமல் சுவர் பூச்சில் எண்ணைக் கூட்டினால் செப்டெம்பர் எஸ்.பி.ஐ. அழகாக வரும், நவம்பர் படுக்கும்.

தளக்குறிப்பு

நன்றி அண்ணைமார். கடைசியாக ஒன்று: கால நீடிப்புக் கிடைத்துப் புதிய திட்டக் கோடு போட்டால் பழைய புள்ளிகளை என்ன செய்வது?

வரைபுக்காரன்

தொட வேண்டாம். புதிய திட்டம் தொடங்கும் மாதத்தில் நிலைக்குத்தாக ஒரு கோடு இழுத்து, அனுமதித் திகதியை அதில் எழுதி, அங்கே வரைபை வெட்டிப் புதிதாகத் தொடருங்கள். பழைய மாதங்களைப் புதிய திட்டத்தால் மீண்டும் வகுத்தால் எல்லாம் 1.00க்குக் கிட்டப் போய்விடும், கணக்காய்வில் முதலில் கேட்பது அதைத்தான். எக்செலில் மாதத்துக்கு ஒரு நிரை, பழைய திட்டப் பெறுமதிக்கு ஒரு நிரல், புதியதற்கு இன்னொரு நிரல். எந்தக் கலத்தின் மேலும் எழுதி மூட வேண்டாம். தகடு, பில் திருத்தத்தையும் தனி நிரலில் போடுங்கள். தகடு பொருத்தும் மாதத்தில் அந்த 4 இலட்சம் செலவுக்குள் திரும்ப வர வேண்டும்.