மறுமொழி: ஒரே முறை பூத்து மடியும் செடிக்கு என்ன சொல்?

வணக்கம்.

ஒரே முறை பூத்துக் காய்த்து மடியும் செடியை ஆங்கிலத்தில் ‘மோனோகார்ப்பிக்’ என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்விக்கு, ‘ஒருபூச் செடி’ போதும் என்று இங்கே ஐயா ஒருவர் எழுதியிருந்தார். சுருக்கமான சொல்தான். ஆனால் ‘ஒருபூ நிலம்’ என்றால் ஆண்டுக்கு ஒரு போகம் விளையும் நிலம். அடுத்த ஆண்டும் விளையும். நம் செடிக்கு அடுத்த ஆண்டே கிடையாது. ‘பன்னீராண்டுப் பூ’ என்பதும் ஒத்துவராது. பன்னிரண்டு என்பது நீலக்குறிஞ்சியின் கணக்கு (2006, 2018, இனி 2030). அதே பேரினத்தில் வேறு கணக்கில் பூப்பவை நிறைய.

2018இல் மூணாறு பக்கம் போயிருந்தேன். சோலைக்குள் மரநிழலில் ஆளுயரப் புதர், நீலப் பூ. குறிஞ்சி என்று நின்றுவிட்டேன். கூட வந்தவர், “இது அது இல்ல சார், வெயிலுக்கு வாங்க” என்று திறந்த புல்சரிவுக்கு அழைத்துப் போனார். அங்கே முழங்கால் உயரத்தில் சரிவு முழுக்க நீலம். குனிந்து பூவை விலக்கினால் தண்டு கருத்திருந்தது. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் வரும் ‘கருங்கோற் குறிஞ்சி’ அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பூ இல்லாத ஆண்டுகளில் இதை அடையாளம் காண அந்த இடமும் கோலும்தான் துணை. மறு ஆண்டு போனபோது அதே சரிவில் காய்ந்த குச்சிகள்தான் நின்றன.

அதனால் சாவு சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ‘பூத்துமாளி’ என்று வைக்கலாமா? பூச்சிக்கொல்லி, பாலூட்டி போல இயல்பாகத்தான் அமைகிறது. நெல்லும் எள்ளும் இதில் அடங்கும்; அது சரிதான், அவையும் ஒருமுறை பூத்து மாள்பவையே. குறிஞ்சி, மூங்கில், ரயில் கற்றாழை இவற்றைப் ‘பல்லாண்டுப் பூத்துமாளி’ எனப் பிரித்துவிடலாம். வாழையில்தான் சிக்கல்: தார் ஈன்ற மரம் மாளும், கிழங்கு மாளாது, பக்கக்கன்று வந்துவிடும். அதற்கு விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

அப்புறம், மலை முழுக்க ஒரே பருவத்தில் பூப்பதற்குத் தனிச்சொல் வேண்டும். ‘கூட்டுப் பூப்பு’ வேண்டாம். பூப்பு என்றதும் நினைவு வேறு எங்கோ போகிறது. ‘ஒருங்குபூத்தல்’ எனக்குப் பிடித்திருக்கிறது.

கொடைக்கானல், நீலகிரிப் பக்கம் இருப்பவர்கள் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: பூத்து முடிந்து காய்ந்து நிற்கும் குறிஞ்சிக் காட்டை ஊரில் எப்படிச் சொல்கிறார்கள்? அங்கே ஒரு சொல் இருந்தால் என் ‘பூத்துமாளி’யை விட்டுவிடுகிறேன்.