மறு: இசைத்தட்டுச் சுழலிக்கு ‘மசகு எண்ணெய்’ என்ற ஒரே சொல் போதுமா?

அன்பு நண்பர்களே,

பழைய டர்ன்டேபிளைச் சீரமைக்கும் தமிழ்க் கையேட்டில், உராய்வைக் குறைக்கும் லூப்ரிகன்ட் வரும் இடமெல்லாம் ‘மசகு எண்ணெய்’ என்று போட்டுவிடலாம் எனக் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. வண்டி அச்சுக்கு மசகு போட்ட வழக்கம் நமக்கு உண்டு, சொல்லும் நல்ல சொல்தான். ஆனால் இலங்கைச் செய்திகளில் மசகு எண்ணெய் என்றால் கச்சா எண்ணெய். உலகச் சந்தையில் அதன் விலை ஏறியதாகப் படிக்கும் வாசகரிடம், அதையே சுழல்தண்டில் இரண்டு சொட்டு விடச் சொல்வது சரியாக வராது. லூப்ரிகேஷனுக்குப் பாடநூல்களில் ஏற்கெனவே ‘உயவு’ இருக்கிறது. பழந்தமிழில் அதற்கு வருத்தம் என்ற பொருளும் உண்டே என்று குழுவில் அம்மா ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். ஆனால் இன்று அந்தப் பொருளில் யாரும் எழுதுவதில்லை என்பதால் குழப்பம் வராது.

என் கவலை வேறு. இந்த ஒரே கருவிக்குள் எண்ணெய், கிரீஸ், கெட்டித் திரவம் என மூன்று வெவ்வேறு சரக்குகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால், கையேட்டை நம்பி வேலை செய்பவர் கருவியைக் கெடுத்துவிடுவார்.

முதலில் மோட்டார். பல பழைய மோட்டார்களில் தண்டைத் தாங்கும் வளையமான புஷ், வெண்கலப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்தது. அதன் நுண்துளைகள் எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும். தண்டு சுழன்று சூடேறும்போது எண்ணெய் கசிந்து படலமாகும், நின்று ஆறியதும் துளைகளுக்குள் திரும்பிப் போகும். இதில் கிரீஸைத் தடவினால் துளை அடைத்துக்கொள்ளும். கரைப்பானில் கழுவினாலோ உள்ளே இருந்த எண்ணெயும் போய்விடும். பிறகு புஷ்ஷை இளஞ்சூடான எண்ணெயில் மூழ்க வைக்க வேண்டும். சிறு குமிழிகள் வரிசையாக மேலே வரும். அவை அடங்கிய பிறகுதான் வெளியே எடுக்கலாம். இந்த உலோகத்துக்கு ‘நுண்துளை வெண்கலம்’ என்ற பெயரை முன்வைக்கிறேன். பெயரைப் படித்ததுமே எண்ணெய் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். உள்ளே போவது ‘உயவெண்ணெய்’.

அடுத்தது கிரீஸ். ‘உயவுக்களிம்பு’ என்ற முன்மொழிவை ஏற்க முடியவில்லை. செம்பிலும் வெண்கலத்திலும் களிம்பு என்றால் பச்சையாகப் பூக்கும் கறை. ‘புஷ்ஷில் களிம்பு இருக்கிறதா பாருங்கள்’ என்று எழுதினால், துடைக்கச் சொல்கிறோமா தடவச் சொல்கிறோமா? ‘உயவுப்பசை’ இன்னும் மோசம், பசை என்றால் ஒட்டுவதுதானே. ஏற்கெனவே தானியங்கி டர்ன்டேபிள்களில் பழைய கிரீஸ் பிசினாக இறுகி, நெம்புகோல்கள் நகராமல், பாட்டு முடிந்தும் ஊசியைத் தாங்கும் கை திரும்பாமல் நிற்பதுதான் பெரும் தொல்லை. அதை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் முழுதாகத் துடைத்த பிறகே புதியதை வைக்க வேண்டும். கிரீஸ் கிரீஸாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி. கார்ராட் 301 என்ற புகழ்பெற்ற சுழலியிலேயே முந்தைய வகையின் சுழல்தண்டுத் தாங்கிக்குக் (பேரிங்) கிரீஸ், பிந்தைய வகையின் தாங்கிக்கு எண்ணெய். ‘301க்கு மசகு போடவும்’ என்ற வரியால் யாருக்கு என்ன பயன்?

மூன்றாவதுதான் எல்லோரும் மறப்பது. கையை மெல்ல இறக்கும் தூக்கியின் சிறு உருளைக்குள் மிகக் கெட்டியான சிலிக்கோன் திரவம் இருக்கும். அதன் வேலை உராய்வைக் குறைப்பதே அல்ல, இறக்கத்தைத் தாமதப்படுத்துவது. அங்கே மோட்டார் எண்ணெயை விட்டால் கை தொப்பென்று விழும், ஊசிமுனை தட்டில் மோதும். இயற்பியலில் ‘தடையுறு அலைவு’ என்று படித்திருந்தாலும், திரவத்தின் பெயராக வைக்க ‘தடையுறு’ வளைந்து கொடுக்காது. ‘தணிப்புநெய்’ என்பது என் பரிந்துரை. உயவு என்ற சொல் இதன் அருகிலேயே வரக்கூடாது.

விஸ்காசிட்டிக்குப் ‘பாகுத்தன்மை’ போதும். சிக்கல் எண்ணெயின் கிரேடில் இருக்கிறது. ‘தரம் 68’ என்று எழுதினால் 32ஐவிட 68 உயர்ந்த சரக்கு என்று வாசகர் எடுத்துக்கொள்வார். அந்த எண் 40 டிகிரி செல்சியஸில் எண்ணெயின் பாகுத்தன்மை சுமார் 68 சென்டிஸ்டோக் என்பதை மட்டுமே சொல்கிறது. ஆகவே ‘பாகு எண்’. தூக்கியின் தணிப்புநெய்க்கு இதே அளவு லட்சக்கணக்கில் போகும். இரண்டு எண்களையும் ஒரே அட்டவணையில் போட்டால் வேறுபாடு தானே தெரியும்.

டபிள்யூடி-40 என்ற தெளிப்பானை இந்த மூன்றில் எதிலும் சேர்க்க வேண்டாம். ஈரத்தை விரட்டத்தான் அது முதலில் உருவானது, அதன் பெயரிலுள்ள இரண்டு எழுத்துகளும் அதைத்தான் குறிக்கின்றன. தாங்கிக்கு நிலையான உயவு அதனால் கிடைக்காது. ‘துப்புரவுத் தெளிப்பு’ என்று தனியே வைப்போம்.

வினைச்சொல்லைப் பொறுத்தவரை ‘உயவிடுக’ தலைப்புகளில் மட்டும் வரட்டும். செய்முறையில் ‘எண்ணெய் விடுங்கள்’, ‘கிரீஸ் தடவுங்கள்’ என்றே எழுதலாம்.

மாற்றுக்கருத்து இருந்தால், குறிப்பாகத் தணிப்புநெய் பற்றி, எழுதுங்கள். இலங்கைப் பாடநூல்களில் டாம்பிங்குக்கு, அதாவது அசைவைத் தணிப்பதற்கு, வழங்கும் சொல்லைக் கைவசம் வைத்திருப்பவர்கள் அனுப்பினால், அட்டவணையை முடிக்கும் முன் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்