பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருப்பதைக் கண்டறிய சிடி போதுமா, தொடக்கத்திலேயே எம்ஆர்ஐ வேண்டுமா?

கதிரியலன்:
பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தவுடனே எல்லோருக்கும் கல்லீரல் எம்ஆர்ஐ எடுத்துவிட வேண்டும் என்று பலர் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்லீரலுக்குள் வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. பரவிய கட்டிகளோ பெரும்பாலும் தமனி ரத்தத்தை நம்பியே வளர்கின்றன. ஆகவே சாய ஊசி போட்டுச் சுமார் 70 விநாடி கழித்து எடுக்கும் சிடி படத்தில் கல்லீரல் முழுவதும் வெளுத்துவிட, குடலிலிருந்து வந்த கட்டி மட்டும் கருமையாகத் தனித்துத் தெரிகிறது. அதே படுக்கையில், அதே ஊசியில் நுரையீரல், நிணநீர்க் கணுக்கள், வயிற்றறை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். நோய் எங்கெல்லாம் போயிருக்கிறது என்பது முதல் கேள்வியாக இருக்கையில், ஒரே உறுப்பை அரை மணி நேரம் பார்க்கும் பரிசோதனையிலிருந்து எதற்காகத் தொடங்க வேண்டும்?

அறுவைமேசை:
நீங்கள் சொல்வது கொழுப்புப் படியாத கல்லீரலுக்குப் பொருந்தும். கொழுப்புப் படிந்த கல்லீரல் சிடியில் தானே கறுத்துவிடுகிறது. கறுத்த பின்னணியில் கறுத்த கட்டியை எப்படிப் பிரித்தறிவீர்கள்? கீமோ மருந்துகளில் சில அந்தக் கொழுப்பை மேலும் கூட்டுகின்றன. எம்ஆர்ஐயில் காடாக்ஸெடிக் அமிலம் என்ற சாயத்தைச் செலுத்தினால், அதில் பாதியளவைக் கல்லீரல் செல்களே உள்வாங்கிக்கொள்கின்றன. இருபதாவது நிமிடத்துப் படத்தில் கல்லீரல் பளிச்சென்று இருக்கும்; பித்தக் குழாய்கள்கூட வெண்கோடுகளாகத் தெரியும்; கல்லீரல் செல்லே இல்லாத பரவல் கட்டி ஆணி அடித்த துளைபோலக் கறுத்து நிற்கும். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டிகளில் சிடி தடுமாறுவதும், எம்ஆர்ஐயில் நீர் மூலக்கூறுகளின் அசைவை அளக்கும் டிஃப்யூஷன் படம் அவற்றைப் பிடித்துவிடுவதும் நீங்களே அறிந்தவை. 2024இல் லான்செட் ஆன்காலஜியில் வந்த கமினோ ஆய்வில், சிடிக்குப் பிறகு எம்ஆர்ஐயும் எடுத்த 298 பேரில் 31 விழுக்காட்டினருக்குச் சிகிச்சைத் திட்டமே மாறியது.

கதிரியலன்:
அந்த 31 விழுக்காடு எவரிடமிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கல்லீரல் கட்டியை வெட்டியோ வெப்பத்தால் சுட்டோ அகற்றலாம் என்று சிடியைப் பார்த்து ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டவர்கள் அவர்கள். இரு நுரையீரலிலும் பரவல் நிறைந்த ஒருவருக்குக் கல்லீரலில் நான்காவது புள்ளியைக் கண்டுபிடிப்பதால் எந்த முடிவும் மாறப்போவதில்லை. மேலும், மூச்சைப் பிடிக்க முடியாதவரின் எம்ஆர்ஐ படங்கள் கலங்கிப்போகும். மஞ்சள் காமாலை கடுமையாக இருந்தால் நீங்கள் புகழும் சாயத்தைக் கல்லீரல் சரிவர வாங்குவதும் இல்லை.

முழுவுடல்:
இவ்வளவு வாதத்துக்குப் பெட்-சிடி ஒன்றே விடையாகாதா? கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில் செலுத்தி உடல் முழுவதையும் பார்க்கிறது, அந்தச் சர்க்கரையை வாங்கும் உயிருள்ள கட்டியை ஒளிர வைக்கிறது.

அறுவைமேசை:
இந்த இடத்தில் கதிரியலனும் நானும் ஒரே பக்கம்தான் என்று நினைக்கிறேன். கல்லீரலே சர்க்கரையை வாங்கும் உறுப்பு என்பதால் பின்னணி வெளிச்சத்தில் சிறு கட்டி மறைந்துவிடும். சளித்தன்மை கொண்ட கட்டிகளும் கீமோவால் அடங்கியிருக்கும் கட்டிகளும் போதிய அளவு ஒளிர்வதில்லை. கல்லீரல் அறுவைக்கு முன் பெட்-சிடி எடுத்துப் பார்த்த கனடா ஆய்வு 2014இல் வெளிவந்தது. 263 பேரில் 8 விழுக்காட்டினருக்கே அறுவைத் திட்டம் மாறியது, ஆயுளில் வேறுபாடு தெரியவில்லை.

முழுவுடல்:
கல்லீரலுக்கு வெளியே ஒளிந்திருக்கும் நோயை அது காட்டுவதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

கதிரியலன்:
ஒப்புக்கொள்கிறேன். ரத்தத்தில் அளக்கும் புற்றுநோய்க் குறியீடான சிஇஏ ஏறிக்கொண்டே போய், சிடியில் ஒன்றும் அகப்படாதபோது நானே அதைக் கேட்பேன்.

அறுவைமேசை:
என் முதன்மையான வாதம் காலத்தைப் பற்றியது. கீமோவுக்குப் பின் சிடியில் மறைந்துபோன 66 கட்டிகளைப் பின்தொடர்ந்த 2006ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆய்வில், 55 இடங்களில் நோய் இருந்தது அல்லது திரும்ப வந்தது. படத்தில் மறைந்த கட்டியை அறுவை மேசையில் தேட எனக்கு மிஞ்சுவது கையும், கல்லீரல் மேல் நேரடியாக வைக்கும் அல்ட்ராசவுண்டும்தான். கீமோ தொடங்குவதற்கு முன்னரே ஒரு நல்ல எம்ஆர்ஐ இருந்தால் எங்கே தேடுவது என்பதாவது தெரியும். இன்று வெட்ட முடியாத கல்லீரல் நான்கு மாதத்தில் வெட்டக்கூடியதாக மாறுவதுண்டு. அது யாருக்கு என்பதை முதல் நாளில் எவராலும் சொல்ல முடிவதில்லை.

கதிரியலன்:
அப்படியானால் கேள்வி எல்லோருக்குமா என்பதிலிருந்து நகர்ந்துவிட்டது. சிடியில் கல்லீரல் பரவல் தெரிந்து, அது ஒருநாள் அறுவைக்கு வரக்கூடும் என்று கல்லீரல் அறுவை மருத்துவர் ஒருவர் படத்தைப் பார்த்துச் சொன்னால், கீமோவுக்கு முன் எம்ஆர்ஐ எடுப்பதை நான் எதிர்க்கவில்லை. சிடியில் கல்லீரல் தெளிவாக, கொழுப்பின்றி, புள்ளியின்றி இருப்பவரையும் அதே வரிசையில் நிறுத்துவதைத்தான் எதிர்க்கிறேன். அந்த இடத்தை உங்கள் நோயாளிக்கு விட்டுக்கொடுக்கலாம்.