ஒரு முழம்கூட இல்லாத குழாய்

மலேசியாவின் பாயார் தீவில், முகத்தை நீருக்குள் வைத்தபடியே வாயால் மூச்சு விட உதவும் ஸ்நோர்க்கல் குழாயை மாட்டி மிதந்த அனுபவத்தைப் பலரும் எழுதியிருப்பதைப் படித்தேன். அந்தக் குழாயின் வழியாக மூச்சு விடுவதைப் பற்றி எனக்குக் கிடைத்த இரண்டு அனுபவங்களை நானும் சொல்கிறேன். பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். ஆனாலும், என் அண்ணன் மகன் ஒரு கேள்வி கேட்கும்வரை அதன் நீளத்தைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

2018 மார்ச் பள்ளி விடுமுறையில் பினாங்கிலிருந்து படகேறி, லங்காவிக்குத் தெற்கே கெடா கடற்பகுதியில் உள்ள பாயார் தீவுக் கடல் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். உயிர்காப்பு அங்கியோடு கரையோரம் மிதந்துகொண்டிருந்தபோது, முதுகுத் துடுப்பின் நுனியில் மை தொட்டு வைத்தாற்போன்ற கருமுனைச் சுறாக்குட்டி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வந்து திரும்பிப் போனது. அஞ்ச வேண்டாம் என்று வழிகாட்டி முன்பே சொல்லியிருந்தும் எனக்கு மேல்மூச்சு வாங்கத் தொடங்கியது. குழாயில் ஒரு சொட்டு நீர்கூட ஏறவில்லை, காற்றும் தடையில்லாமல் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் எவ்வளவு வேகமாக இழுத்தாலும் போதாமல் நெஞ்சு தவித்தது. வழிகாட்டி அருகே வந்து, "பெலான், பெலான்" (மலாயில் 'மெதுவாக, மெதுவாக') என்று சொல்லி, உதட்டைக் குவித்து நீளமாக ஊதிக் காட்டினார். அப்படியே நான்கைந்து முறை மெதுவாக ஊதி ஆழமாக இழுத்ததும் தவிப்பு அடங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் ஒரு மூச்சில் ஏறக்குறைய 500 மில்லிலிட்டர் காற்றை இழுக்கிறார். அதில் 150 மில்லிலிட்டர் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றிலேயே தங்கி, காற்று இரத்தத்தோடு கலக்கும் இடமான நுரையீரல் நுண்ணறைகளுக்குப் போய்ச் சேருவதில்லை. 2 சென்டிமீட்டர் உள்விட்டமும் 38 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட ஸ்நோர்க்கல் இன்னும் 120 மில்லிலிட்டரைச் சேர்க்கிறது. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும், சற்றுமுன் நாம் வெளிவிட்டு இந்த இடங்களில் தேங்கி நிற்கும் கரியமிலவாயு கலந்த பழைய காற்றுதான் முதலில் உள்ளே திரும்புகிறது. பதற்றத்தில் மூச்சு 300 மில்லிலிட்டராகக் குறுகினால், புதுக்காற்றாக நுண்ணறைகளுக்குக் கிடைப்பது வெறும் 30 மில்லிலிட்டர்தான். நிதானமாக, ஆழமாக விடும் மூச்சுதான் அந்தக் குழாய்க்கு ஏற்ற மூச்சு.

அந்தப் பயணத்துக்குப் பிறகுதான், "அத்தை, இந்தக் குழாயை இன்னும் நீளமா செஞ்சா கீழயே உக்காந்து மீன் பாக்கலாமே, ஏன் செய்ய மாட்டேங்கிறாங்க?" என்று பன்னிரண்டு வயது அண்ணன் மகன் கேட்டான். நான் பதில் தேடிக்கொண்டிருந்த வாரத்திலேயே, பினாங்கின் தஞ்சோங் தோக்கோங்கில் அவர்கள் இருக்கும் கொண்டோ அடுக்குமாடியின் நீச்சல் குளத்துக்குச் சலவை இயந்திரத்தின் புதிய கழிவுநீர்க் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து, ஸ்நோர்க்கலின் மேல்முனையில் செருகி, இணைப்பில் கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றினான். மறுமுனையை அவன் அப்பா கரையில் பிடித்துக்கொண்டார்; நான் பக்கத்திலேயே நின்றேன். 1.2 மீட்டர் ஆழத் தரையில் அவன் உட்கார்ந்த மறுகணம், தோள்கள் காதுவரை ஏறுவதையும், விலாவுக்கும் கழுத்துக்கும் நடுவே தோல் உள்வாங்குவதையும் தெளிந்த நீரில் கண்டேன். உடனே அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன். "இழுக்கவே முடியல அத்தை, யாரோ நெஞ்சு மேல உக்காந்த மாதிரி இருக்கு" என்றான்.

அவன் சொன்னது உண்மைதான். நீரில் ஒரு மீட்டர் இறங்கினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 100 கிராம் எடை கூடுதலாக அழுத்துகிறது. முப்பதுக்கு முப்பது சென்டிமீட்டர் அளவுள்ள நெஞ்சுப் பரப்புக்கு அது 90 கிலோகிராம், அதாவது கடையில் வாங்கும் பத்துக் கிலோ அரிசி மூட்டைகள் ஒன்பது. குழாய் மேற்பரப்புக்குத் திறந்திருப்பதால் நுரையீரலுக்குள் இருக்கும் காற்றுக்கு மேற்பரப்பின் அழுத்தம்தான் உண்டு. வெளியிலிருந்து நெருக்கும் நீரை எதிர்த்து விலாத் தசைகளும் உதரவிதானமும்தான் நெஞ்சை விரிக்க வேண்டும். முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில் அவற்றால் சமாளிக்க முடியும். ஒரு மீட்டரில் நீடித்து முடியாது. முயன்றுகொண்டே இருந்தால் நுரையீரலுக்குள் இரத்தம் உறிஞ்சப்பட்டு நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அழுத்தமே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், அவனுடைய ஒன்றரை மீட்டர்க் குழாய் மட்டுமே 470 மில்லிலிட்டர் பழைய காற்றைப் பிடித்து வைத்திருக்கும். காற்றுக் கலனைச் சுமந்து முங்கும் ஸ்கூபா வீரர்களால் ஆழத்தில் மூச்சு விட முடிவதற்குக் காரணம், அவர்களின் வாயில் இருக்கும் கருவி சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைத் தருவதுதான். அந்தச் சோதனையை நான் தொடக்கத்திலேயே தடுத்திருக்க வேண்டும். யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு குழாயோடு ஒரு முக்குப் போட்டு வருவது வேறு. அப்போது நுரையீரலும் நீரின் அழுத்தத்துக்கு ஏற்பச் சுருங்கிக்கொடுக்கிறது. ஆனால் முங்குவதற்கு முன் "நிறையக் காற்று சேர்த்துக்கொள்கிறேன்" என்று வேகவேகமாக மூச்சு விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் ஆக்சிஜன் ஏறக்குறையக் கூடுவதே இல்லை, கரியமிலவாயுதான் குறைகிறது. மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பை எழுப்புவது முதன்மையாக அந்த வாயுதான் என்பதால், எச்சரிக்கையே இல்லாமல் நீருக்குள் நினைவு தப்பிவிடலாம்.

மேலே வந்ததும் குழாயில் நிற்கும் நீரை "டூ" என்று ஒரே ஊதலில் வெளியேற்ற வேண்டும். அதற்கென்று கொஞ்சம் காற்றை மிச்சம் வைத்திருக்க வேண்டும். அடுத்த மூச்சை, மிச்ச நீர் தொண்டைக்குள் போய்விடாதபடி நாக்கை மேலண்ணத்தின் பக்கம் தூக்கி வைத்துக்கொண்டு மெல்ல இழுப்பது நல்லது.

அண்ணன் மகன் அந்த இணைப்பைப் பிரித்து, ஸ்நோர்க்கலின் நுனியில் ஒட்டியிருந்த டேப் பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்தான். அடுத்த முறை பாயாருக்குப் போனபோது அதே குழாயோடு என் பக்கத்தில் குப்புற மிதந்து, கீழே கிடந்த கடல் அட்டை ஒன்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய மூச்சு நீளமாகவும் ஒரே சீராகவும் குழாயில் போய்வரும் ஓசை எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.