கரடி எதற்காக வருகிறது? இன்யோ காட்டில் முகாம் போடுவோருக்கு

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள இன்யோ தேசியக் காட்டுக்கு முதல்முறை போகிறவர்கள் எல்லோரும் கேட்பது, கரடி வந்தால் என்ன செய்வது என்றுதான். எதற்காக வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். கலிஃபோர்னியாவில் இன்று இருப்பது கருங்கரடி மட்டுமே. ரோமம் பழுப்பாக இருந்தாலும் அதுவும் கருங்கரடிதான். அதன் மூக்கு தேடுவது உங்கள் சாப்பாட்டை.

மரத்தில் மூட்டை தொங்கவிடும் பழைய முறையை நம்பாதீர்கள். தரையிலிருந்து 12 அடி உயரம், அடிமரத்திலிருந்து 6 அடி தள்ளி என்பது கணக்கு. பத்தாயிரம் அடிக்கு மேல் அப்படி நீண்ட கிளையே அபூர்வம். கிடைத்தாலும், மரத்தில் கட்டிய கயிற்றைக் கடித்து மூட்டையை இறக்க இந்தச் சியரா நெவாடா மலைக் கரடிகளுக்குத் தெரியும். அதனால்தான் கரடி டப்பா, அதாவது கரடியால் எளிதில் திறக்க முடியாத, சாப்பாடு வைக்கும் கெட்டி டப்பா. இந்தக் காட்டின் விட்னி மலைப் பகுதியில் அது கட்டாயம். கட்டாயமில்லாத இடத்துக்கும் எடுத்துப் போங்கள்.

பேர்வால்ட் 500 என்ற பிளாஸ்டிக் கரடி டப்பாவுக்கு 11.5 லிட்டர் கொள்ளளவு. நன்றாக அடைத்தால் ஒருவருக்கு ஆறு நாள், இருவருக்கு மூன்று நாள் வரும். கடையில் வாங்கிய பாக்கெட்டை அப்படியே திணித்தால் பாதி இடம் காற்றுக்குப் போய்விடும். மலை ஏற ஏற அது இன்னும் உப்பும். வீட்டிலேயே எல்லாவற்றையும் ஜிப் பைக்கு மாற்றி, காற்றைப் பிதுக்கி, கடைசி நாள் சாப்பாட்டை அடியில் வையுங்கள். பற்பசை, சன்ஸ்கிரீன், தேங்காய் எண்ணெய், தைலம், சோப்பு, அன்றைய குப்பை, எல்லாவற்றுக்கும் அதற்குள் இடம் வேண்டும். பெரும்பாலோர் கணக்கில் விடுவது இந்த மணக்கும் சாமான்களைத்தான். முதல் நாள் இரவுச் சாப்பாடு மட்டும் வெளியே இருக்கலாம், படுப்பதற்குள் தின்று தீர்ப்பதால்.

மூடியைத் திருகும்போது இரண்டு தடுப்பும் தாண்டுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒன்றோடு நிறுத்தினால் மூடியதாகக் கணக்கில்லை. நியூயார்க் மாநிலத்து அடிரண்டாக் மலையில், காதில் இரண்டு மஞ்சள் பட்டை குத்தியதால் மஞ்சள்-மஞ்சள் என்று பெயர் பெற்ற ஒரு பெண் கரடி இந்த டப்பாவைத் திறக்கக் கற்றுக்கொண்டது. டப்பா செய்யும் நிறுவனம் இரண்டாவது தடுப்பு வைத்தது. அதையும் திறந்தது. சிறிய, கூச்ச சுபாவமுள்ள கரடி அது! குளிர்காலையில் பிளாஸ்டிக் விறைத்து, நமக்குத்தான் திறக்க வராது. பழைய கிரெடிட் கார்டைத் தடுப்புக்கும் விளிம்புக்கும் நடுவே செருகித் திருகினால் வழுக்கிக்கொண்டு வரும். மரையில் மணல் ஏறினால் அதுவும் நடக்காது. திறந்த மூடியை மண்ணில் கவிழ்த்து வைக்காதீர்கள்.

டப்பாவைக் கூடாரத்திலிருந்து 100 அடி தள்ளி, சமதரையில், இரண்டு கல்லுக்கு நடுவே வையுங்கள். ஓடைக்கரையிலோ சரிவின் விளிம்பிலோ வைத்தால் கரடி உருட்டிக்கொண்டே போகும், காலையில் டப்பா அகப்படாது. கயிறு கட்டக்கூடாது, அதைப் பிடித்து இழுத்துப் போய்விடும்.

* * *

இதுவரை டப்பாவைப் பற்றிச் சொன்னது அண்ணா, இனி நான் சமையலைச் சொல்கிறேன். கரடியை வரவழைப்பதில் வேகாத சோற்றுக்குப் பெரிய பங்குண்டு. பத்தாயிரம் அடியில் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் வைத்தாலும் அரிசி நடுவில் நறநறக்கும். கேஸ் தீரும், சோறு மிஞ்சும், மிஞ்சியதைப் புதரில் கொட்டுவார்கள். அடுத்து வருகிறவரின் கூடாரத்தைக் கரடி சுற்றுவது அதனால்தான்.

அரிசியை விடுங்கள். ரவையை வீட்டிலேயே நெய்யில் வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, நன்றாக ஆறவிட்டுப் பைகளில் போடுங்கள். சூட்டோடு கட்டினால் வியர்த்துக் கட்டி தட்டும். ஆளுக்கு 100 கிராம் ரவை, 300 மில்லி கொதிநீர். கலக்கி மூடி, பாத்திரத்தைத் துண்டில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் போதும். அவலும் சேமியாவும் இப்படியே ஆகும். பாத்திரம் கழுவிய தண்ணீரை வடிகட்டி, பருக்கைகளைக் குப்பைப் பையில் போட்டுவிட்டு, தண்ணீரை ஓடையிலிருந்து 200 அடி தள்ளிச் சிதறி ஊற்றுங்கள்.

விடியற்காலையில் ஸ்டவ் எரியவில்லை என்றால் சிலிண்டரைப் பாருங்கள். சாதா பியூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை தாங்கும். ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்ததாக வாங்கி, இரவில் தூக்கப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் ஸ்டவ்வாக இருந்தாலும் கலிஃபோர்னியாவின் தீ பர்மிட் வேண்டும். இலவசம்தான், இணையத்தில் எடுக்கலாம்.

* * *

காரை மறந்துவிடாதீர்கள். விட்னி மலைப் பாதை தொடங்கும் விட்னி போர்ட்டலில் வண்டியை விட்டுவிட்டு மேலே ஏறுபவர்கள், மிச்சச் சாப்பாட்டையும் ஐஸ் பெட்டியையும் அங்கிருக்கும் இரும்பு லாக்கரில் வைக்க வேண்டும். குழந்தை சீட்டின் மடிப்பில் கிடக்கும் பிஸ்கட் தூளே கரடிக்குப் போதும், கதவை மேலிருந்து வளைத்து இறக்கிவிடும். கிளம்பும் முன் வீட்டிலேயே சீட்டைக் கழற்றி வாக்வம் போடுங்கள்.

கரடி நேரில் வந்துவிட்டால் ஓடக்கூடாது. எல்லோரும் சேர்ந்து நின்று, கையை உயர்த்தி, பாத்திரத்தைத் தட்டிச் சத்தம் போடுங்கள். பெரும்பாலும் போய்விடும். சாப்பாட்டை ஏற்கெனவே வாயில் எடுத்துவிட்டதென்றால் விட்டுவிடுங்கள், பிடுங்கப் போகாதீர்கள். கருங்கரடி மேலே பாய்ந்தால் செத்தவர் போலப் படுப்பது தவறு. கல், கம்பு, எது கிடைக்கிறதோ அதைக் கொண்டு மூக்கிலும் கண்ணிலும் அடிக்க வேண்டும். கரடி போனபிறகு சிதறிய கவர், பருக்கை எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து, எந்த இடம், எத்தனை மணி என்று ரேஞ்சர் நிலையத்தில் சொல்லுங்கள். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிப்போன கரடியைக் கடைசியில் கொல்ல நேர்கிறது. நீங்கள் சொல்லிவிட்டால், அதே இடத்துக்கு அடுத்த நாள் பர்மிட் எடுத்தவரையும் ரேஞ்சர்கள் முன்கூட்டியே எச்சரிக்க முடியும்.